முதுகில் இரண்டு விரல்

தையல் கூடத்தில் அவளை எல்லோரும் அளவம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே பெயிண்டுக் கடை, மேலே பன்னிரண்டு மெஷின். ஐம்பது தாண்டிய பெண்களுக்குக் கோட்டும் கவுனும் தைக்கிற இடம். புது மாடல் எதுவானாலும் முதலில் ஒன்றே ஒன்று தைப்பார்கள். அதை அளவம்மாவுக்குப் போட்டுவிட்டு, அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, கட்டிங் மாஸ்டர் சுற்றிச் சுற்றி வந்து குண்டூசி குத்துவார். குத்தினபடி காகிதத்தில் வரைவார். அந்தக் காகிதத்தை வைத்து வெட்டினால் அறுநூறு கோட்டு. ஆக, அறுநூறு பெண்கள் மாட்டிக்கொண்டு போவது அவளுடைய உடம்பைத்தான். இதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள், யாரும் கேட்காதபோதும்.

இடுப்பு முப்பது. முப்பது வருஷமாக முப்பது. சும்மா வந்துவிடுமா? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காப்பாற்றிய இடுப்பு. கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்துவிடுவாள். இனிப்பைக் கையில் வாங்கி, பக்கத்தில் இருப்பவள் கைக்கு மாற்றிவிடுவாள். பக்கத்தில் இருப்பவள் பெரும்பாலும் அவளுடைய நாத்தனாராகத்தான் இருப்பாள்.

நாத்தனாரும் அதே கூடத்தில்தான் வேலை. முதல் வருஷம் அண்ணியே சொல்லிச் சேர்த்துவிட்டவள். இஸ்திரி போடுவது, துணி மூட்டையை மாடிக்கு ஏற்றுவது, தைத்த கோட்டுகளை அடுக்கி இறக்குவது. இஸ்திரிப் பெட்டி மட்டும் ஏழு கிலோ. ஆள் எண்பத்திரண்டு கிலோ. அவள் பேரும் இஸ்திரி என்றே ஆகிப்போனது. அளவம்மாவின் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு அறை வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும்தான். ஒருத்திக்கு அறுபத்தாறு, இன்னொருத்திக்கு அறுபத்து மூன்று.

"என் அளவுல வெட்டின கோட்டு உனக்கு ஒரு கைக்குள்ளகூட நுழையாதுடி" என்று அளவம்மா சொல்வாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே, "எனக்கு எதுக்கு அண்ணி கோட்டு, நானே ஒரு மெத்தை" என்பாள். இப்படியே முப்பது வருஷம் சுமுகமாக ஓடியது. ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே என்று முடிவாகிவிட்ட வீட்டில் சண்டைக்கு என்ன வேலை?

அந்தச் சுமுகம் கெட்டது ஒரு முதுகுவலியில். கீழே விழுந்த நூல்கண்டைக் குனிந்து எடுத்த அளவம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பத்து நாள் தைலம் தேய்த்துப் பார்த்தும் வலி அடங்கவில்லை. எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். துணைக்குப் போன நாத்தனார், அறுபது தாண்டின பெண்களுக்கு அந்த மாதம் இலவசம் என்ற போர்டைப் பார்த்துவிட்டு, "வந்ததுதான் வந்தோம், நானும் படுத்து எந்திரிக்கிறேனே" என்று பேரைக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். அளவம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"உங்க உயரம் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க?"

"நினைக்கிறது என்ன, நூத்தி அறுபது. அளவுக் கார்டுலயே எழுதியிருக்கு."

"இப்ப நூத்தி ஐம்பத்தஞ்சு."

"உங்க அளவுகோல் தப்பும்மா. நான் அளவுலயே பொழைக்கிறவ."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினாள். அடுக்கி வைத்த கட்டைகள் மாதிரி முதுகெலும்பு. அதில் இரண்டு கட்டைகள் முன்பக்கம் நசுங்கியிருந்தன. எலும்பு உள்ளுக்குள்ளே புரையோடிப் போயிருக்கிறது, அதனால்தான் முதுகு முன்னால் வளைகிறது என்றாள்.

"எடை முப்பது வருஷமா ஏறவே இல்லையே!"

"எடை ஏறல. ஆனா உள்ள இருக்கற சரக்கு மாறிப்போச்சும்மா. சதை கரைஞ்சு அந்த இடத்துல கொழுப்பு வந்திருக்கு. எலும்பும் கரைஞ்சிருக்கு. தராசுக்கு அதெல்லாம் தெரியாது. சாப்பாட்டைக் குறைச்சுக் குறைச்சு உடம்பைக் காய வெச்சிருக்கீங்க. ஒரே இடத்துல நிக்கற வேலை வேற. எலும்புக்கு வேலை குடுத்தாத்தான் அது நிக்கும். மருந்து எழுதறேன். நல்லா சாப்பிடணும். பயிற்சிக்கு வரணும், இங்க சொல்லித்தர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா எடை தூக்கணும்."

தாளில் மைனஸ் மூன்று புள்ளி இரண்டு என்று அச்சாகியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போகப் போக எலும்பு மோசம் என்று டாக்டர் விளக்கியிருந்தாள். அதை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

நாத்தனார் நடைபாதை பெஞ்சில் தன் தாளை வைத்துக்கொண்டு முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு வெறும் பாயிண்ட் ஆறுதான் அண்ணி! ஒரு மார்க்குகூட வரல. டாக்டர் ஒண்ணும் பயமில்ல, போங்கன்னு சொல்லிட்டாங்க. டாக்டர் பயமில்லைன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? உங்களுக்கு எவ்வளவு?"

அளவம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். மைனஸ் பாயிண்ட் ஆறு! இவளுக்கா? கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டவளுக்கா? என் பங்கு இனிப்பையும் சேர்த்துத் தின்றவளுக்கா? அறுபத்து மூன்று வயதில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறாளே, அந்த மூட்டைதான் இவளுக்கு எலும்பு போட்டிருக்கிறது. அளவம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இதற்கு முன் அவள் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. பட வேண்டிய அவசியம் வரவில்லை. புதுப் பழக்கம் என்பதால் அது அடங்கவும் தெரியாமல் எரிந்தது.

"மூணு புள்ளி ரெண்டு" என்றாள். மைனஸைச் சொல்லவில்லை.

"பாத்தீங்களா! அதுதான் அளவம்மா!" என்று நாத்தனார் தன் கவலையை மறந்து பூரித்துப்போனாள்.

மறுநாளே கூடம் பூராவும் தமுக்கடித்துவிட்டாள். எங்க அண்ணி எலும்பு மூணு புள்ளி ரெண்டாக்கும், எனக்குப் பாயிண்ட் ஆறு, நான் எப்போ மளுக்குன்னு ஒடியப்போறேனோ. மெஷின்காரிகள் அளவம்மாவைப் பார்த்துக் கும்பிடாத குறை. நாத்தனார் இரண்டு வேளையும் பால் வாங்கிக் குடித்தாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். அளவம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் பயந்து பயந்து நடப்பதைப் பார்க்க அவளுக்கு இதமாக இருந்தது. பாவம்தான். இருந்தாலும் இதமாக இருந்தது.

தன் மருந்தை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். பயிற்சிக்குப் போகவில்லை. போனால் தெரிந்துவிடும், தெரிந்தால் முக்காலி போய்விடும். முக்காலி போனால் அளவம்மா யார்? அறுபத்தாறு வயதுக் கிழவி, அவ்வளவுதான். கூடத்தில் யாருக்கும் சந்தேகம் வர வழியும் இல்லை. மாஸ்டர் வருஷா வருஷம் அளவு எடுப்பார். ஆனால் டேப்பைச் சுற்றித்தான் பிடிப்பார்: மார்பு, இடுப்பு, கை. எல்லாம் பழைய எண்ணே வரும். "வளர்ந்த ஆள் இனிமே வளரவா போறாங்க?" என்று உயரத்தையும் முதுகு நீளத்தையும் முதல் வருஷத்துக் கார்டைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்வார். வளர மாட்டாள் சரி, குறைவாள் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. ஊசியை மட்டும் எதிரே நிற்கிற உடம்பைப் பார்த்துத்தான் குத்துவார்.

அங்கேதான் வினை வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, முதலாளியம்மா நாலு அட்டைப்பெட்டிகளோடு மாடி ஏறி வந்தாள். கடைகளிலிருந்து திரும்பி வந்த கோட்டுகள்.

"முதுகுல துணி பை மாதிரி தொங்குதாம். முன்னால பட்டன் போட்டா தூக்கிக்கிட்டு நிக்குதாம். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, எல்லாக் கடையிலயும் இதே பாட்டு. எப்படி ஆச்சு?"

மாஸ்டர் ஒரு கோட்டை விரித்துத் தன் காகிதத்தை மேலே வைத்துப் பார்த்தார். "காகிதம் தப்பாகாதும்மா. உடம்புல குத்தி எடுத்தது. வெட்டினதும் சரி." முதுகுப் பக்கத்துத் துணியை இரண்டு விரலால் நெருடினார். "இது அயர்ன்ல இழுபட்டிருக்கும். நீராவியை விட்டு இழுத்துத் தேச்சா இந்தத் துணி நீண்டுடும்."

எல்லோரும் இஸ்திரி மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

அளவம்மாவுக்கு உண்மை பளிச்சென்று விளங்கிவிட்டது. நசுங்கிய இரண்டு கட்டை. முதுகு வளைந்தால் பின்பக்கம் துணி கூடுதலாக வேண்டும், முன்பக்கம் குறைவாகப் போதும். மாஸ்டரின் ஊசி அதைத்தான் பிடித்திருக்கிறது. அவளுடைய கூனைத் தைத்து அறுநூறு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முக்காலி போய்விடும் என்ற பயத்தில் வாய் திறந்தது; திறந்த வாயில் வந்தது பயம் அல்ல.

"நீராவி கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் விடறா" என்றாள்.

நாத்தனார் நிமிர்ந்து அண்ணியை ஒருதரம் பார்த்தாள். "இனிமே குறைச்சுக்கறேன்" என்றாள்.

"இனிமேன்னு ஒண்ணு இருந்தாத்தானே?" என்றாள் முதலாளியம்மா. "வெள்ளிக்கிழமை புது மாடல். முதல் கோட்டை நானே நின்னு பாக்கப்போறேன். அதுலயும் முதுகு இப்படி வந்துச்சுன்னா, உனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுக்கறேன். வயசும் ஆச்சு உனக்கு."

முப்பது வருஷமாக உழைத்தவளுக்கு அப்படி ஒரு பேச்சு. அளவம்மாவுக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. நல்ல எலும்பு இருந்து என்ன, நிற்க இடம் வேண்டாமா? இப்படி நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். ஆனாலும் குளிர்ச்சி சாயங்காலம் வரை இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் நாத்தனார் சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈ ஆடவில்லை. நாளைக்கு வேலை போகப்போகிறவள், ஒரு வார்த்தை திட்டாமல் காய் நறுக்கினால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்? அளவம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நான் இழுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

"சொன்னா அடுத்த கேள்வி வரும் அண்ணி."

"என்ன கேள்வி?"

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தக் கோட்டு முதுகைத்தானே முப்பது வருஷமா தேய்க்கிறேன். ஒரு வருஷமா பின்பக்கம் ரெண்டு விரல் கூடுதலா வருது. பலகையில விரிச்சா படிய மாட்டேங்குது. நான் ஈரத்துணி போட்டு அழுத்தி அழுத்தி உள்ள சுருக்கிட்டிருந்தேன். இந்தத் தடவை வந்த துணி சுருங்காத துணி, மாட்டிக்கிச்சு. யாரு முதுகுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க அந்த முக்காலியை விட்டு இறங்கி வீட்டுல உக்காந்தா, உங்ககூட யாரு குப்பை கொட்டறது? எனக்கு வேலை போனா நாலு வீட்டுத் துணி தேச்சுப் பொழைச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

இந்த இடத்தில் அளவம்மா கண்ணீர் விட்டு நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள் என்று சொன்னால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். பொய் சொல்ல நான் தயாராக இல்லை. அளவம்மாவுக்கு வந்தது ஆத்திரம். அட பாவி, எலும்பும் உனக்கே, நல்ல மனசும் உனக்கேவா? எனக்கு ஏதாவது மிச்சம் வைத்தாயா? நாளைக்கு இவள் வேலையை விட்டுவிட்டு இறங்கிப்போவாள். நான் முக்காலியில் நிற்பேன். நிற்கிற ஒவ்வொரு நாளும் அது இவள் போட்ட பிச்சை. சோறு வைக்கிற ஒவ்வொரு வேளையும் இவள் தியாகி, நான் திருடி. அப்படி ஒரு பெருமையை இவளுக்கு விட்டுக்கொடுப்பதாவது! அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் முடிவெடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு தயாரானார். அளவம்மா சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினாள்.

"மாஸ்டர், ஊசியை அப்புறம் குத்துங்க. முதல்ல டேப்பை எடுங்க. சுத்திப் பிடிக்காதீங்க, மேலேர்ந்து கீழ பிடிங்க."

"எதுக்கும்மா? கார்டுலதான் இருக்கே."

"கார்டுல இருக்கறவ செத்துட்டா. பிடிங்கன்னா பிடிங்க."

மாஸ்டர் பிடித்தார். பார்த்தார். டேப்பை உதறிவிட்டு மறுபடி பிடித்தார். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.

"அஞ்சு சென்டிமீட்டர் குறையும்" என்று அளவம்மாவே சொன்னாள். "எனக்கு எலும்புப்புரை. முதுகுல ரெண்டு எலும்பு நசுங்கிடுச்சு. துணியை யாரும் இழுக்கல. வளைஞ்சது என் முதுகு. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இவ மேல பழியைப் போட்டேன்."

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. முதலாளியம்மா வாயைத் திறப்பதற்குள் இஸ்திரி மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்போ மூணு புள்ளி ரெண்டு?"

"அது மைனஸ்டி. பூஜ்யத்துக்குக் கீழ. எவ்வளவு கீழ போகுதோ அவ்வளவு மோசம்."

"அப்போ என் பாயிண்ட் ஆறு?"

"உன்னுது நல்ல எலும்பு. இங்க இருக்கற பாதிப் பேருக்கு அப்படி இருக்காது. போதுமா?" இதைச் சொல்வதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. முதுகைப் பற்றிச் சொன்னபோதுகூட அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நாத்தனார் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ரெண்டு மாசம் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேனே" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளியம்மா வியாபாரி. அவளுக்கு அழுகையைவிட அறுநூறு கோட்டு முக்கியம். அளவம்மாவைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள். "மாஸ்டர், நம்மகிட்ட வாங்கறவங்க எப்படி இருப்பாங்க? முப்பது இடுப்பா? பாதிக்குப் பாதி இந்த உடம்புதான். இவ்வளவு நாளா சின்ன உடம்புல குத்தி, பெரிய சைஸுக்கு ஊகத்துல துணி கூட்டி விட்டுக்கிட்டிருக்கோம். இவளை ஏத்துங்க."

"ஐயோ, நானா? முக்காலி ஒடிஞ்சிடும்மா" என்றாள் நாத்தனார். ஆனால் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டாள். அதை அளவம்மா கவனித்தாள்.

அவள் இறங்கினாள். இறங்க மாஸ்டர் கை கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். நாத்தனார் ஒரே எட்டில் ஏறினாள். முக்காலி முனகியது, ஒடியவில்லை. திரும்பி வந்த பெட்டியிலிருந்து பெரிய சைஸ் கோட்டு ஒன்றை எடுத்து மாஸ்டர் போட்டுவிட்டு, முதுகில் மிகுந்த துணியை ஊசிகளால் பிடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். தோளிலிருந்து கணுக்கால் வரை துணி ஒரு சுருக்கம் இல்லாமல் இறங்கியது. முதலாளியம்மா தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மெஷின்காரிகளில் யாரோ "அடேயப்பா" என்றாள்.

முப்பது வருஷம் அந்த அடேயப்பா யாருக்கு விழுந்தது என்று அளவம்மாவுக்குத் தெரியும். இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அழகாக இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு குறை தேடினாள்; கழுத்தில் பார்த்தாள், கையில் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

நாத்தனார் மேலிருந்து கேட்டாள். "எப்படி அண்ணி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அளவம்மா. பிறகு, பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாயால் உண்மையையும் சேர்த்துச் சொன்னாள். "எனக்கு வயிறு எரியுது."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள், வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு. நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி லேசாகக் குனிந்தாள்.

"எனக்கு முப்பது வருஷம் எரிஞ்சுது அண்ணி. கீழதான் நின்னேன், செத்தா போயிட்டேன்?"

சொல்லிவிட்டு நிமிர்ந்து, மாஸ்டர் கேட்டபடி கையை விரித்துக் கொடுத்தாள்.